முட்டி வலி: ரிப்போர்ட்டைப் பார்த்து பயப்படுறதுக்கு முன்னாடி

இன்னைக்கு எபிசோட் என்னோட வலது முட்டியைப் பத்தி. சிரிக்காதீங்க, உங்கள்ல நிறைய பேருக்கு இதே கதை இருக்கும்.

வாரத்துல அஞ்சு நாள் சேர்ல உட்கார்ந்து கோடு எழுதுவேன். சனி, ஞாயிறு ரெண்டு ரெண்டு மணி நேரம் ஷட்டில். மூணு மாசம் இப்படியே ஓடுச்சு. அப்புறம் மெட்ரோ ஸ்டேஷன்ல படி இறங்கும்போது முட்டிச் சில்லுக்குப் பின்னாடி ஒரு வலி. தியேட்டர்ல இடைவேளை வரைக்கும் காலை மடக்கி உட்கார முடியல.

எம்ஆர்ஐ எடுத்தேன். ரிப்போர்ட்ல 'மீடியல் மெனிஸ்கஸ், கிரேடு 2 சிக்னல்'னு இருந்துச்சு. ராத்திரி பூரா கூகுள். விடியறதுக்குள்ள ராக்கெட்டை யாருக்குக் கொடுக்கலாம்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டேன். அம்மா வேற, "இருபத்தெட்டு வயசுலயே முட்டியாடா?"ன்னு கேட்டாங்க.

அந்த ஒரு வரியை இப்போ பிரிச்சுப் பார்க்கலாம். நம்ம ஊர்ல முட்டிக்குள்ள எது கெட்டாலும் 'ஜவ்வு'ன்னுதான் சொல்லுவோம். ஆனா அது ரெண்டு வேற வேற பொருள். ஒண்ணு மெனிஸ்கஸ். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற ரெண்டு பிறை வடிவக் குருத்தெலும்பு. இன்னொண்ணு தசைநார், அதாவது எலும்பை எலும்போட கட்டி வைக்கிற கயிறு. ஏசிஎல் இந்த வகை.

மெனிஸ்கஸ்ல கிரேடு 1, 2ன்னா உள்ளுக்குள்ள மாற்றம் தெரியுது, ஆனா அது மேற்பரப்பைத் தொடலன்னு அர்த்தம். கிரேடு 3தான் கிழிசல். அதாவது எனக்குக் கிழியவே இல்ல!

கிழிஞ்சிருந்தாலும் வலிக்கு அதுதான் காரணம்னு உடனே சொல்லிட முடியாது. அமெரிக்காவுல ஃபிராமிங்ஹாம்ங்கிற ஊர்ல, 50 முதல் 90 வயசு வரைக்கும் உள்ள 991 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வு 2008ல வந்துச்சு. மெனிஸ்கஸ் கிழிசல் இருந்தவங்கள்ல 61 சதவீதம் பேருக்கு, அதுக்கு முந்தின ஒரு மாசத்துல வலியோ இறுக்கமோ எதுவுமே இல்ல. ரிப்போர்ட் ஒரு ஃபோட்டோ மாதிரி. வலி எங்கிருந்து வருதுன்னு அது மட்டும் சொல்லாது, டாக்டர் காலைத் தொட்டு, மடக்கிப் பார்க்கணும்.

என் டாக்டர் அப்படிப் பார்த்துட்டு, பிரச்சினை முட்டிச் சில்லுலன்னு சொன்னார். சில்லு, தொடை எலும்புல இருக்கிற ஒரு பள்ளத்துல வழுக்கிட்டுப் போகுது. படி இறங்கும்போது அந்த இடத்துல உடம்பு எடையைப் போல சுமார் 3 மடங்கு அழுத்தம் விழும். தொடைத் தசையும் இடுப்புத் தசையும் அந்தச் சுமைக்குத் தயாரா இல்லைன்னா, அந்த இடம் வலிக்க ஆரம்பிக்கும்.

மத்த ரெண்டு காயமும் எப்படித் தெரியும்? ஏசிஎல்னா, குதிச்சு இறங்கும்போதோ சட்டுனு திரும்பும்போதோ 'டப்'னு ஒரு சத்தம், சில மணி நேரத்துலயே வீக்கம், அப்புறம் கால் நழுவுற உணர்வு. மெனிஸ்கஸ்னா, பாதம் தரையில ஊன்றி இருக்கும்போது முட்டி திருகும். வீக்கம் பெரும்பாலும் மறுநாள்தான் வரும், சில சமயம் முட்டி பூட்டு போட்ட மாதிரி நின்னுடும்.

ஏசிஎல் அறுந்தா உடனே ஆபரேஷன்தான்னு ஒரு நம்பிக்கை இருக்கு. சுவீடன்ல 121 இளைஞர்களை வச்சு நடந்த ஆய்வு 2010ல வெளியாச்சு. பாதிப் பேருக்கு சீக்கிரமே ஆபரேஷன். மீதிப் பேருக்கு முதல்ல பிசியோ, தேவைப்பட்டா பிறகு ஆபரேஷன். 2 வருஷம் கழிச்சு வலியிலயும் செயல்பாட்டுலயும் ரெண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்ல. ரெண்டாவது குழுவுல பாதிக்கும் மேல ஆபரேஷன் இல்லாமலே அந்த 2 வருஷத்தைத் தாண்டிட்டாங்க. ஆபரேஷன் வேண்டாம்னு நான் சொல்ல வரல. பல பேருக்கு யோசிச்சு முடிவு எடுக்க நேரம் இருக்குன்னுதான் சொல்றேன்.

சரி, நான் என்ன பண்ணேன்? முதல் தப்பு, 3 வாரம் முழு ரெஸ்ட். வலி குறைஞ்சது, தொடையும் இளைச்சுப் போச்சு, திரும்ப ஆடினதும் வலி வந்துடுச்சு. ட்ராஃபிக்கை நிறுத்தி வச்சா சர்வர் க்ராஷ் ஆகாதுதான், ஆனா கெபாசிட்டியும் கூடாது இல்லையா?

பிசியோ கொடுத்தது ரொம்ப சாதாரணமான விஷயங்கள். சேர்ல இருந்து மெதுவா எழுந்து உட்கார்றது, சுவத்துல சாஞ்சு பாதி உட்கார்றது, ஒருக்களிச்சுப் படுத்து காலைத் தூக்குறது, சின்னப் படியில இருந்து ஒத்தக் காலால நிதானமா இறங்குறது. வாரத்துக்கு 3 நாள். ஒரே ஒரு விதி: வலி 10க்கு 3ஐத் தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள்ள பழைய நிலைக்கு வந்துடணும். வரலைன்னா அடுத்த தடவை குறைச்சுக்கணும். ஷட்டிலையும் அரை மணி நேரத்துல இருந்து படிப்படியாதான் கூட்டினேன். 12 வாரம் ஆச்சு. நடுவுல ரெண்டு தடவை வலி திரும்பவும் வந்துச்சு.

சில விஷயங்களுக்கு மட்டும் காத்திருக்காதீங்க. காலை ஊன்றி 4 அடி நடக்க முடியல, முட்டி நீட்ட வராம பூட்டிக்கிச்சு, அடிபட்ட சில மணி நேரத்துல பெருசா வீங்கிடுச்சு, காய்ச்சலோட முட்டி சூடா வீங்கியிருக்கு, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.

மத்தவங்க, ராக்கெட்டை யாருக்கும் கொடுத்துடாதீங்க. நான் போன ஞாயிறு ரெண்டு செட் ஆடினேன். தோத்துட்டேன், ஆனா அதுக்கு முட்டி காரணம் இல்ல. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.