வெள்ளத்தில் நின்ற கார் விற்பனைக்கு வரும்போது

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை மீறிக் கோட்டூர்புரத்தையும் சைதாப்பேட்டையையும் முடிச்சூரையும் மூழ்கடித்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழை வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் சூழ்ந்தபோதும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளங்களில் நிறுத்தப்பட்டிருந்த கார்கள் நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தன. இத்தகைய கார்கள் எல்லாமே உடைப்புக் கடைக்குப் போய்விடுவதில்லை. பழுதுபார்க்கும் செலவு, காப்பீட்டுப் பத்திரத்தில் காருக்குக் குறிக்கப்பட்டிருக்கும் ஐ.டி.வி. எனும் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், காப்பீட்டு நிறுவனம் அதனை முழு இழப்பு என்று கணக்கிட்டு உரிமையாளருக்கு இழப்பீடு கொடுத்துவிடுகிறது. எஞ்சிய கார் சால்வேஜ் என்ற பெயரில் ஏலத்துக்குப் போகிறது. ஏலத்தில் எடுப்பவர் அதனை உதிரிபாகங்களாகப் பிரித்து விற்கலாம். அல்லது கழுவி, உலர்த்தி, சீட் கவர் மாற்றி, ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்று ரத்தாகாமல் இருக்கும் பட்சத்தில், வெள்ளத்தைக் கண்டிராத ஓர் ஊரில் முழுக் காராகவே விற்றுவிடலாம். சென்னையில் வாங்குபவர் எச்சரிக்கையாக இருப்பார். சேலத்திலோ மதுரையிலோ வாங்குபவருக்கு அந்தச் சந்தேகமே எழாது.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறிய முடியாத சந்தையில் என்ன நேரும் என்பதை, அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் வெளியிட்ட கட்டுரையில் பழைய கார் விற்பனையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். நல்ல காரையும் பழுதான காரையும் பிரித்தறிய இயலாதவர் இரண்டுக்கும் நடுவான விலையையே தர முன்வருவார் என்பதால், நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மனமின்றி ஒதுங்கிக்கொள்ள, சந்தையில் பழுதானவையே பெருகும் என்பது அவருடைய வாதம். ஆகவே காரைத் துருவிப் பார்ப்பது விற்பவரை அவமதிப்பதாகாது. நேர்மையாகப் பராமரித்தவருக்கு உரிய விலை கிடைப்பதற்கும் அதுவே வழி.

வெள்ளநீரின் கேடு முழுவதும் உடனே வெளிப்படுவதில்லை. சிலிண்டருக்குள் நீர் புகுந்த நிலையில் எவரேனும் சாவியைத் திருப்பியிருந்தால், நீர் காற்றைப் போல் அழுத்தத்துக்குச் சுருங்காது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஹைட்ரோஸ்டேடிக் லாக் எனப்படும் இந்தப் பழுதைச் சரிசெய்யாமல் காரை ஓட்டிக் காட்டுவதே கடினம். மின்கம்பிகளின் கதை வேறு. சாக்கடை கலந்த நீர் கனெக்டர்களின் செப்பு முனைகளில் தங்கி மாதக்கணக்கில் மெல்ல அரிக்கும். கார் கைமாறிய பிறகு ஒரு நாள் பவர் விண்டோ நிற்கும், பின்னர் ஏ.சி., அதன் பின்னர் ஸ்டார்ட்டிங் தகராறு என்று செலவு தொடரும்.

வாட்டர் வாஷ் எட்டாத இடங்களில்தான் தேட வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால், வழக்கமாக உள்ளேயே சுருண்டிருக்கும் பகுதி வெளியே வரும். அதில் வண்டல் கறை கோடாகப் படிந்திருந்தாலோ, நாடா விறைத்துச் சொரசொரத்தாலோ, தண்ணீர் காருக்குள் ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். பழைய காரில் பெல்ட் மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்தால் அதற்கும் காரணம் கேட்க வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அதன் பள்ளத்து மூலைகளை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளங்களிலும் போல்ட்டுகளிலும் துரு ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துக் காண வேண்டும். தரைவிரிப்பின் ஓரத்தைக் கிளப்பி அடியில் உள்ள பஞ்சை அழுத்தி ஈரமும் வாடையும் அறிய வேண்டும். ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தால் முனைகளில் பச்சைக் களிம்பு தென்படுவது உறுதியான அறிகுறிகளுள் ஒன்று. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் பத்து நிமிடம் ஓடவிட்டால், வாசனைத் திரவியம் மறைத்த பூஞ்சை நெடி வெளிப்பட்டுவிடும்.

இவை அனைத்தினும் முக்கியமானது ஏர்பேக். விபத்தை உணர்ந்து அதனை விரியச் செய்யும் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் கியர் லீவருக்கு அருகே, தரையை ஒட்டியே பொருத்தப்பட்டிருப்பதால், முழங்கால் உயரத் தண்ணீரே அதனைக் கெடுக்கப் போதுமானது. சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் பழுது, எரியவே இல்லையென்றால் அந்த விளக்கையே எவரோ துண்டித்திருக்கக்கூடும். மற்ற குறைகள் பணத்தைத்தான் தின்னும். இந்தக் குறை உயிரைப் பறிக்கும் என்பதால், விலை எவ்வளவு குறைந்தாலும் இத்தகைய காரை வாங்கலாகாது.

எஞ்சினை அது குளிர்ந்திருக்கும் காலை வேளையிலேயே ஸ்டார்ட் செய்து பார்ப்பது நல்லது. நீலப் புகை ஆயில் எரிவதையும், எஞ்சின் சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை கூலண்ட் கசிவதையும் காட்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது.

ஆவணங்களில் பலர் கவனிக்காமல் விடுவது, காப்பீட்டில் உள்ள நோ கிளெய்ம் போனஸ். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகத் தரப்படும் இந்தத் தள்ளுபடி 20 சதவீதத்தில் தொடங்கி, தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கோராதிருந்தால் 50 சதவீதத்தை எட்டும். ஒரே உரிமையாளரிடம் ஐந்தாறு ஆண்டுகள் இருந்த காரின் பாலிசியில் அது சுழியமாக இருந்தால், எப்போது, எதற்காக இழப்பீடு பெறப்பட்டது என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35, உரிமை மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30 ஆகியவற்றில் விற்பவரும் அக்கறை காட்ட வேண்டும். ஏனெனில் காரைக் கொடுத்துவிட்டாலும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது.

எத்தனை கவனமாகப் பார்த்தாலும், திறமையாகச் செப்பனிடப்பட்ட வெள்ளக் கார் வாங்குபவரின் கண்ணுக்குத் தப்பக்கூடும். ஆகவே, ஒரு காருக்கு முழு இழப்புக்கான இழப்பீடு வழங்கப்பட்டது என்ற குறிப்பு, வழங்கப்பட்ட அன்றே அதன் ஆர்.சி.யிலும், எவரும் செல்பேசியில் பார்க்கக்கூடிய வாகனப் பதிவு விவரத்திலும் ஏற வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே அரசும் காப்பீட்டு நிறுவனங்களும் இதனைச் செய்ய வேண்டும்.