மேக்கும் விண்டோஸும் ஒரே மேசையில்: பெயரும் திகதியும் பிழையாமல் இருக்க

அக்கரப்பத்தனைப் பகுதியில் கணனி இன்று புதுமையான பொருளல்ல. பங்குப் பணிமனை, பாலர் பாடசாலை, மாதர் சங்கம், வாலிபர் கழகம், சேமிப்புக் குழு என எமது மக்கள் கூடிப் பணி செய்யும் இடங்களில் ஒரு விண்டோஸ் கணனியாவது இருக்கக் காண்கிறோம். வெளிநாட்டில் வாழும் உறவினரோ நலன்விரும்பியோ கொடுத்த மேக் கணனியும் சில இடங்களில் அதனருகே வந்து சேர்கிறது. இலவசமாகக் கிடைத்த நல்ல கருவி. ஆனால், “இதில் அடித்தது அதில் திறக்கவில்லை” என்ற முறைப்பாடு எழுந்ததும் அது துணி போர்த்தி மூலையில் வைக்கப்பட்டுவிடுகிறது.

இதைச் சிறிய விடயம் என்று விட்டுவிட முடியாது. எமது பணிமனைகளில் அதிகம் தட்டச்சு செய்யப்படுபவை பெயர்ப் பட்டியல்களே. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லாதவர்கள், அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பவர்கள், ஊழியர் சேமலாப நிதியைக் கோரவிருக்கும் முதியவர்கள் ஆகியோரின் பட்டியல்கள் அவை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் முதல் 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை, தாம் யார் என்பதைக் கடதாசியில் நிரூபிக்கப் பாடுபட்ட சமூகம் எம்முடையது. தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாட் சம்பளம் என்றும் பொருள். பட்டியலில் ஓர் எழுத்தோ ஒரு திகதியோ பிசகினால், அதைத் திருத்த ஒரு தொழிலாளி நுவரெலியாவுக்கோ ஹட்டனுக்கோ பஸ் ஏற வேண்டும். அன்றைய பேர் போய்விடும்.

ஆகவே இருவகைக் கணனிகளையும் ஒன்றாகப் பாவிப்போர் கவனிக்க வேண்டியவற்றை இங்கு தொகுத்துத் தருகிறோம்.

1. முதலில் எழுத்து

எமது நாட்டில் தமிழ்த் தட்டச்சு என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது ‘பாமினி’ எழுத்துருவே. பழைய பங்கு மடல்கள், ஞானஸ்நானப் பட்டியல்கள், சங்க அறிக்கைகள் பல பாமினியிலேயே உள்ளன. இதில் உள்ள சிக்கலை விளங்கிக்கொள்வது அவசியம். பாமினியில் ‘அ’ என்று நாம் அடிக்கும்போது, கணனி அதனை ‘எம்’ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தாகவே நினைவில் வைத்திருக்கிறது. அந்த ‘எம்’முக்கு ‘அ’ என்ற உருவத்தை அணிவிப்பதே எழுத்துருவின் வேலை. பாமினி இல்லாத கணனியில் அந்த உடை கழன்றுவிடுகிறது. பெயர்களுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே தெரிகின்றன.

இதற்கான தீர்வு யுனிகோட். இதில் ஒவ்வொரு மொழியின் எழுத்துகளுக்கும் தனி இலக்கங்கள் உண்டு. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. விண்டோஸ் 2000த்துடன் ‘லதா’ எழுத்துரு வந்தது. 2005இல் வெளியான மேக் இயங்குதளத்தில், மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் வடிவமைத்த ‘இணைமதி’ சேர்க்கப்பட்டது. எனவே இன்று யுனிகோட்டில் அடித்த தமிழ் இரண்டிலும், கைபேசியிலும் கூடத் தமிழாகவே தெரியும்.

புதிதாக அடிக்கும் அனைத்தையும் யுனிகோட்டிலேயே அடிப்பது என்று உங்கள் பணிமனை தீர்மானிக்கட்டும். 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் வழியாக வந்த ‘தமிழ்99’ விசைப்பலகை அமைப்பு இன்றைய விண்டோஸ், மேக் இரண்டிலும் உண்டு. புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு அதையே கற்றுக்கொடுத்தால் எந்தக் கணனியின் முன்னும் தடுமாறமாட்டார்கள். பாமினி முறையில் விரல் பழகியவர்களும் அஞ்ச வேண்டியதில்லை. ‘என்.எச்.எம். ரைட்டர்’ என்ற இலவச மென்பொருளை விண்டோஸில் நிறுவினால், பழைய விசைகளையே அடித்து யுனிகோட் எழுத்தைப் பெறலாம்.

பழைய பாமினிக் கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றித் தரும் கருவிகளும் உள்ளன. ஆனால் மாற்றிய பின் ஒருவர் வாசிக்க, மற்றவர் மூலப்பிரதியுடன் ஒப்பிட வேண்டும். மாற்றும் கருவி ஆங்கிலத்தையும் தமிழாக்கிவிடும் என்பதே காரணம். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் இறுதியில் வரும் ‘வீ’ என்ற ஆங்கில எழுத்து ‘ஏ’ ஆகிவிடும். ‘எக்ஸ்’ என்பது ‘ஓ’ ஆகிவிடும். மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்க வேண்டாம்.

2. திகதியில் மறைந்திருக்கும் பிழை

எழுத்துப் பிழை கண்ணுக்குத் தெரியும். திகதிப் பிழை தெரியாது. ஆகையால் அதுவே ஆபத்தானது.

எக்செல் மென்பொருள் திகதியை ஒரு நாட்கணக்காகவே வைத்திருக்கிறது. விண்டோஸில் அந்தக் கணக்கு 1900ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. மேக்குக்கான பழைய எக்செல்லிலோ 1904இலிருந்து தொடங்கியது. பிற்காலப் பதிப்புகள் 1900க்கு மாறிவிட்டன. எனினும் பழைய மேக்கில் தயாரித்த கோப்புகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அத்தகைய கோப்பை அப்படியே திறந்தால் திகதி சரியாகவே இருக்கும். அதிலிருந்து சில வரிகளை எடுத்து மற்றொரு கோப்பில் ஒட்டும்போதுதான் 1,462 நாட்கள், அதாவது நான்கு ஆண்டுகளும் ஒரு நாளும், பிசகிவிடுகின்றன. 1968 ஏப்ரல் 12இல் பிறந்தவர் 1964 ஏப்ரல் 11இல் பிறந்தவராகிவிடுவார். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 என்று வயதெல்லை வைத்துச் சேமலாப நிதி கோரப்படும் இடத்தில் நான்கு ஆண்டுகள் என்பது சிறிய வித்தியாசமா?

இன்னொன்று: அமெரிக்காவிலிருந்து வந்த கணனியில் மாதம் முன்னும் நாள் பின்னுமாக இருக்கும். அதில் 12/04/1968 என்று அடித்தால் அது டிசம்பர் 4 என்றே கொள்ளப்படும்.

இவ்விரு தொல்லைகளுக்கும் ஒரே மருந்துண்டு. பிறந்த திகதியை ஒரே கட்டத்தில் அடிக்காமல், ஆண்டு, மாதம், நாள் என மூன்று நிரல்களில் வெறும் எண்களாக அடியுங்கள். எந்தக் கணனியும் அதை மாற்றாது.

ஏற்கனவே அடித்த பட்டியலைச் சரிபார்க்க அடையாள அட்டையே உதவும். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு; அடுத்த மூன்று, அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் என்றே கணக்கு. ஏப்ரல் 12 என்பது 103ஆவது நாள். ஆகவே 1968இல் அந்நாளில் பிறந்த ஆணின் இலக்கம் 68103 என்றும், பெண்ணின் இலக்கம் 68603 என்றும் தொடங்கும். 2016இல் அறிமுகமான 12 எண் முறையில் ஆண்டு நான்கு எண்களில் வரும். அடுத்த மூன்றும் முன்போலவே. க.பொ.த. சாதாரண தரம் படிக்கும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள், ஆர்வத்தோடு செய்வார்கள்.

3. கோப்பை எந்த வடிவில் சேமிப்பது?

மேக்கின் ‘பேஜஸ்’, ‘நம்பர்ஸ்’ ஆகியவற்றில் தயாரித்த கோப்புகளை விண்டோஸிலுள்ள வேர்ட், எக்செல் திறக்கமாட்டா. அனுப்பு முன்னர் ‘ஏற்றுமதி’ வசதி மூலம் வேர்ட் அல்லது எக்செல் வடிவில் மாற்றிக்கொள்ளுங்கள். இதனிலும் நல்ல வழி, ‘லிப்ரே ஆபிஸ்’ என்ற இலவச மென்பொருளை இரண்டு கணனிகளிலும் நிறுவுவது. பணமும் மிச்சம், பழகுவதும் ஒன்றே.

நான்கு பக்கப் பங்கு மடல் மற்றக் கணனியில் ஐந்து பக்கமாகிவிடுவதுண்டு. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் அகலம் வேறு என்பதே காரணம். ‘நோட்டோ’ தமிழ் எழுத்துரு போன்ற இலவச எழுத்துரு ஒன்றை இரண்டிலும் நிறுவி அதை மட்டும் பாவியுங்கள். தாளின் அளவு ஏ4 என்று உள்ளதா எனவும் பாருங்கள். அமெரிக்கக் கணனியில் ‘லெட்டர்’ அளவு இருக்கும். அச்சுக்குக் கொடுப்பதைப் பி.டி.எப். ஆக்கிக் கொடுத்தால் தலவாக்கலைக்குக் கொண்டுபோனாலும் கொழும்புக்கு அனுப்பினாலும் உருக்குலையாது.

கோப்பின் பெயரில் சாய்கோடு, கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி வேண்டாம். விண்டோஸ் அவற்றை ஏற்காது.

4. பென் டிரைவ்

விண்டோஸுக்கே உரிய ‘என்.டி.எப்.எஸ்.’ முறையில் அமைந்த பென் டிரைவை மேக் வாசிக்கும், அதில் எழுதாது. மேக்குக்கே உரிய முறையில் அமைந்ததை விண்டோஸ் வாசிக்கவும் மாட்டாது. ‘எக்ஸ்-பெட்’ எனும் முறையில் அமைத்தால் இரண்டும் வாசிக்கும், எழுதும். ஆனால் அவ்வாறு அமைக்கும்போது உள்ளே இருப்பவை யாவும் அழிந்துவிடும். முதலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

மேக்கில் போட்ட பென் டிரைவை விண்டோஸில் திறந்தால் புள்ளியில் தொடங்கும் பெயருடைய சிறு கோப்புகள் தெரியலாம். வைரஸ் என்று அஞ்ச வேண்டாம். மேக் தன் தேவைக்கு எழுதி வைத்த குறிப்புகளே அவை. எந்தக் கணனியாயினும், ‘வெளியேற்று’ என்ற கட்டளையைக் கொடுத்த பின்னரே பென் டிரைவைக் கழற்றுங்கள்.

5. விரல் பழக்கம்

விண்டோஸில் ‘கொன்ட்ரோல்’ விசையுடன் செய்யும் பிரதி, ஒட்டு, சேமிப்பு யாவும் மேக்கில் ‘கமாண்ட்’ விசையுடன் செய்யப்படுகின்றன. மேக்கில் ‘டிலீட்’ என்றிருப்பது விண்டோஸின் ‘பேக்ஸ்பேஸ்’ போலப் பின்னோக்கி அழிக்கும். இந்த இரண்டையும் ஓர் அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிவிட்டால் ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

ஐபோனில் எடுத்த படங்கள் விண்டோஸில் திறக்காவிட்டால், அதன் கமரா அமைப்பில் ‘அதிகப் பொருத்தம்’ என்பதைத் தெரிவுசெய்க. வாட்ஸ்அப் வழியே அத்தாட்சிப் பத்திரங்களின் படத்தை அனுப்பும்போது ‘ஆவணம்’ ஆக அனுப்புக. சாதாரண படமாக அனுப்பினால் தெளிவு குறைந்து, எழுத்து மங்கிவிடும்.

6. பாதுகாப்பு

அடையாள அட்டை இலக்கமும் பிறந்த திகதியும் அடங்கிய பட்டியல் பிறர் கைக்குப் போகக் கூடாது. அதற்குக் கடவுச்சொல் இடுங்கள். பல பேர் கைமாறும் பென் டிரைவில் அதை விட்டுவைக்க வேண்டாம். ஒரு மூலப்பிரதி எந்தக் கணனியில் இருக்கும், அதைத் திருத்தும் பொறுப்பு யாருடையது என்பதைக் கூட்டத்தில் தீர்மானித்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டு கணனிகளிலும் இருவர் தனித்தனியே திருத்தினால் எது சரி என்பது பின்னர் யாருக்கும் தெரியாது.

இன்றே செய்யக்கூடியது

பத்துப் பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலை யுனிகோட்டில் அடியுங்கள். திகதியை மூன்று நிரல்களில் இடுங்கள். விண்டோஸில் சேமித்து மேக்கில் திறந்து, ஒரு பெயரைச் சேர்த்து, மீண்டும் விண்டோஸில் திறவுங்கள். அச்சிட்டு, அதில் பெயருள்ளவர்களிடமே வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் “சரி” என்று சொன்ன பின்னர் நூறு பெயர்களுக்குச் செல்லுங்கள். கணனி காட்டுவதைவிட, உரியவர் தம் வாயால் உறுதிப்படுத்துவதே மேலான சரிபார்ப்பு.

நல்லாயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான் என்பது நாம் அறிந்த உவமை. எமது மக்களின் பெயரைப் பிழையின்றி எழுதுவதும் அந்த ஆயர் பணியின் ஒரு பங்கே. மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் கணனியையும் அப்பணிக்கு எடுத்துக்கொள்வோம்.