சோழகக் காற்றும் மொரிஸ் மைனரின் முன்சில்லும்

மன்னார்த் தீவு வடமேற்கும் தென்கிழக்குமாக நீண்டு கிடக்கிறது. சோழகம் தென்மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே மன்னார் நகரிலிருந்து பேசாலை தாண்டித் தலைமன்னார் போகும் வாகனத்துக்குக் காற்று நேரே விலாவில் விழும். 2020 டிசெம்பரில் தென்கரையில் திறந்த தம்பபவனி காற்றாலையின் 30 சுழலிகள், 103.5 மெகாவாட் திறனோடு, இந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன. பாரமேற்றிய லொறி அதைப் பொருட்படுத்தாது. ஏறத்தாழ முக்கால் தொன் எடையுள்ள மொரிஸ் மைனர் பொருட்படுத்தும்.

அப்படியிருந்தும், முன்சில்லு ஒழுங்காக உள்ள மைனர் அந்த வீதியில் அமைதியாகப் போகும். காற்று தள்ளினாலும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும். முன்சில்லுகளைக் கொஞ்சம் சரித்தும் கொஞ்சம் கோணியும் வேண்டுமென்றே வைத்திருப்பதுதான் இதற்குக் காரணம். எனக்கு இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது.

சரிவை முதலில் பார்ப்போம். ஒரு சைக்கிளின் சீற்றை மட்டும் பிடித்து முன்னே தள்ளுங்கள். ஹாண்டில் நேராக நிற்கும். பின்னே இழுங்கள், ஹாண்டில் சட்டென்று மடங்கும். முன்கவை சரிந்திருப்பதால், ஹாண்டில் திரும்பும் அச்சு நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் ரயர் நிலத்தில் படுகிறது. பின்னால் இழுபட்டு வருவது நேராகத்தான் வரும். காரின் முன்சில்லு திரும்பும் அச்சான கிங்பின்னையும் அதேபோல் மேல்நுனி பின்னோக்கச் சரித்திருக்கிறார்கள். கராஜில் இதைக் காஸ்டர் என்பார்கள்.

அடுத்தது ரோ-இன். மேலிருந்து பார்த்தால் இரு முன்சில்லுகளும் முன்பக்கம் ஒரு மயிரளவு உள்நோக்கி நிற்கும். மைனருக்குச் சொன்ன அளவு, இரு சில்லுக்கும் சேர்த்து, வெறும் 2.4 மில்லிமீற்றர். பின்சில்லு தள்ளி ஓடும் காரில், வீதியின் இழுவை முன்சில்லுகளை வெளிப்பக்கம் விரிக்கப் பார்க்கும். மூட்டுகளில் உள்ள சின்னச் சின்ன ஆட்டம் அதற்கு இடங்கொடுக்கும். நிற்கும்போது உள்நோக்கி வைத்தால்தான் ஓடும்போது நேராகும்.

அளவு பிழைத்து 10 மில்லிமீற்றர் ஆகிவிட்டால்? ஒவ்வொரு சில்லும் முக்கால் பாகை கோணி நிற்கும்; கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கிலோமீற்றருக்கு 13 மீற்றர் வீதம் ரயர் பக்கவாட்டில் அரைபடும். மதவாச்சியிலிருந்து ஏ14 வீதியில் ஏறத்தாழ 85 கிலோமீற்றர் ஓடி மன்னார் வந்து சேரும்போது, ஒவ்வொரு ரயரும் ஒரு கிலோமீற்றருக்கு மேல் பக்கவாட்டில் உரஞ்சியிருக்கும். உள்ளங்கையால் ரயரைக் குறுக்கே தடவினால் ஒரு திசையில் வழுவழுப்பும் மறுதிசையில் கூரும் தட்டுப்படும்.

இதை அளக்கக் கணினி இயந்திரம் இருந்தால்தான் ஆகும் என்றில்லை. கார்ப் பந்தயக்காரர்களே இன்றும் நூல் பிடிக்கிறார்கள். மன்னாரில் தங்கூசிக்குப் பஞ்சமா? சமமான சீமெந்துத் தரையில் ஸ்டியரிங்கை நடுவில் வைத்து, காரின் இரு பக்கமும் சில்லின் நடு உயரத்தில் இரண்டு தங்கூசிகளை ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இழுத்துக் கட்டுங்கள். முன்னச்சிலும் பின்னச்சிலும் இடவலத் தூரம் சமமாக இருக்கட்டும். தங்கூசியிலிருந்து றிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை இரும்பு அடிமட்டத்தால் அளந்தால், முன்விளிம்பு 1.2 மில்லிமீற்றர் கூடுதலாக இருக்கவேண்டும். இல்லையென்றால் ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் ரை ரொட்டின் லொக் நட்டைத் தளர்த்தி, இரு பக்கமும் ஒரே அளவு திருத்தவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திருத்தினால், நேரே போகும்போது ஸ்டியரிங் கோணி நிற்கும். பிறகு காரை முன்னே கொஞ்சம் உருட்டிவிட்டுத் திரும்ப அளக்கவேண்டும். சில்லுகள் இயல்பான இடத்துக்கு வருவது அப்போதுதான்.

மைனரில் இப்படித் திருத்தக்கூடியது ரோ-இன் ஒன்றுதான். 1989இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரில் கீழ்க்கையின் இரண்டு போல்ட்டுகளே மையம் விலகியவை. இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் சில்லின் மேல்பக்கம் உள்ளே வெளியே சாயும். எதிரெதிராகத் திருப்பினால் காஸ்டர் மாறும். ஒன்றைத் தொட்டால் ரோ-இன்னும் மாறிவிடும் என்பதால் அதைக் கடைசியில்தான் வைப்பார்கள்.

1948இல் வந்த மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் காரை நீளவாக்கில் பிளந்து 4 அங்குலம் அகலமாக்கினார். பொனற்றின் நடுவே ஓடும் தட்டைப் பட்டை அதன் அடையாளம். வீதியில் அந்தக் கார் நன்றாகக் காலூன்றி நிற்பதில் அந்த அகலத்துக்கும் பங்குண்டு. ஆனால் அவர் வைத்த கிங்பின் மேலும் கீழும் மரையில் திரும்புவது. கிறீஸ் வற்றினால் மரை தேயும். கடைசியில் கழன்று சில்லே மடங்கிவிடும். உப்புக்காற்றும் மணலும் சேர்ந்த தீவில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

ஆகவே ஆனி, ஆடியில் பழைய காரோடு தலைமன்னார்ப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஸ்டியரிங் இழுத்தால் முதலில் ரயர்க் காற்றைப் பாருங்கள், அடுத்துக் கிங்பின்னுக்குக் கிறீஸ் அடியுங்கள், அதன் பிறகே தங்கூசி கட்டுங்கள். கிங்பின் ஆடுகிற காருக்கு அலைன்மென்ட் செய்வது வீண்காசு.