தாரைப் படகும் தூண்டிலும்



சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் நியூசிலாந்தின் தென்தீவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து, பதுளையிலே கற்று, வெல்டிங் தொழில் பயின்று கடல் கடந்து சென்றவர் அவர். அவர் பணிபுரியும் பட்டறையில், தூண்டிற்காரரை ஆற்று வழியே அழைத்துச் செல்லும் வழிகாட்டி ஒருவருக்காகப் பழைய தாரைப் படகு ஒன்றினைத் திருத்தி அமைத்தார்களாம். படங்களும் உடன் வந்திருந்தன. கடிதத்தின் முடிவில் ஒரு வினா: தாம் ஊர் திரும்பி, சேர்த்து வைத்த பணத்தைக் கொண்டு இத்தகைய படகொன்றை நம் ஊவாவின் ஆறுகளிலே விட்டுப் பிழைக்க இயலுமா?

நானோ கலைப் பட்டதாரி. இயந்திர நூல் பயின்றவன் அல்லேன். ஆயினும் மாணவன் கேட்ட வினாவுக்கு விடை தேடாதிருக்க ஆசிரியனால் ஆகுமோ? தேடிக் கண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

சாதாரண இயந்திரப் படகின் அடியிலே சுழல்விசிறி ஒன்று நீருக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். ஆழமான நீர்நிலைக்கு அது போதும். கல்லும் பரலும் நிறைந்த ஆற்றிலோ, முதற் பாறையிலேயே அதன் இதழ்கள் முறிந்துவிடும். இவ்விடரைத் தம் ஊரிலே நாள்தோறும் கண்டவர் நியூசிலாந்தின் வில்லியம் ஹமில்டன் என்பவர். 1899 இல் பிறந்த அவர், மலையடிவாரத்திலே ஆட்டுப் பண்ணை நடத்தியவர். பட்டறை வேலையிலே பெருவிருப்பம் கொண்டவர். அவர் நாட்டு ஆறுகள் பனிமலைகளில் இறங்கி, கூழாங்கற் படுகையிலே பல கிளைகளாகப் பிரிந்து, முழங்கால் ஆழத்திலே விரைந்து ஓடுபவை. 1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் அப்போது வழங்கிய நீர்த்தாரைக் கருவியொன்றை அடிப்படையாகக் கொண்டு அவர் சோதனை செய்யலானார். முதலில் தாரையைப் படகின் அடியிலே, நீருக்குள் பாய்ச்சினார்; வேகம் போதவில்லை. பின்னர் அதனைப் படகின் பின்புறத்திலே, நீர்மட்டத்துக்கு மேலே வெளிப்படச் செய்தார். படகு சீறிப் பாய்ந்தது. 1960 இல் இத்தகைய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், மாபெரும் பள்ளத்தாக்கினூடே நீரோட்டத்தை எதிர்த்து ஏறிச் சென்றன. இத்தனைக்கும் ஹமில்டன், இது தமது கண்டுபிடிப்பு என்று உரிமை கொண்டாடவில்லை; அப்பெருமை பழைய கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசுக்கே உரியது என்பது அவர் கருத்து.

இதன் இயக்கம் எளிதில் விளங்கக் கூடியதே. படகின் அடித்தளத்தில் ஒரு திறப்பு. அதற்குக் கம்பிச் சட்டம் ஒன்று காவல். உள்ளே சுழலும் சக்கரம் ஆற்றுநீரை உறிஞ்சிக் குறுகிய குழாய் வழியே பின்னோக்கிப் பீச்சுகிறது. நீர் பின்னே செல்ல, படகு முன்னே செல்கிறது. ஊதிய பலூனின் வாயைத் திறந்துவிட்டால் அது அறையெங்கும் பாய்வதைச் சிறுவரும் அறிவர், அதே நியதிதான். அடியிலே தொங்குவது எதுவும் இல்லாமையால், விரைந்து ஓடும்போது நான்கைந்து அங்குல நீரே இப்படகுக்குப் போதுமானது. நின்றுவிட்டாலோ உடல் தாழ்ந்து ஏறக்குறைய ஓரடி நீர் வேண்டும். ஆகவே ஆழமற்ற இடத்திலே அஞ்சி வேகத்தைக் குறைப்பவன் கல்லிலே தட்டி நிற்பான்.

இன்னொன்றையும் கூற வேண்டும். இப்படகுக்குச் சுக்கான் இல்லை. தாரையை இடப்புறமோ வலப்புறமோ திருப்பியே திசை மாற்றுகிறார்கள். தாரை நின்றால் திசை மாற்றும் ஆற்றலும் உடன் நின்றுவிடும். எதிரே பாறையைக் கண்டவுடன் விசையைக் குறைப்பது மனித இயல்பு. இங்கே அவ்வியல்பே ஆளைக் கொல்லக் கூடியது. ஓட்டுநன் இதனைப் பழகிப் பழகி எலும்பிலே ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று மாணவர் எழுதியிருந்தார்.

இனித் தூண்டிலுக்கு வருவோம். நம் பிள்ளைகள் மண்புழுவைக் கோத்து, ஈயக் குண்டு கட்டி எறியும் தூண்டில் அன்று இது. இறகும் மயிரும் நூலும் கொண்டு, ஈயைப் போலவோ நீர்ப்பூச்சியைப் போலவோ முள்ளைச் சுற்றிக் கட்டிய பொய் இரை. அதற்கு எடையே இல்லை. எறியப்படுவது இரையன்று, கயிறுதான். தடித்த அக்கயிற்றை ஏறக்குறைய ஒன்பதடி நீளக் கோலினால் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, சாட்டை விரிவதுபோல் விரித்து, பொய் ஈயை நீர்மேல் மெல்ல இறக்க வேண்டும். வீசுவதற்கு முன் பல அடி நீளக் கயிறு அவர் காலடியிலே தளர்ந்து கிடக்கும்.

படகைத் திருத்துவோரின் தலைவலி அங்கேதான் தொடங்குகிறது. காலடியிலே ஒரு திருகாணித் தலை, ஒரு கொக்கி, ஒரு பிடி இருந்தாலும் போதும். கயிறு அதிலே மாட்டிக்கொள்ளும். வீச்சு பாழ், மீனும் போயிற்று. ஆகவே மாணவரும் தோழரும் முன்புற இருக்கைகளை அகற்றித் தட்டையான மேடை அமைத்தனர். கயிறு கட்டும் முளைகளைத் தளத்துக்குள் அமிழச் செய்தனர். நிற்பவர் தடுமாறாதிருக்கத் தொடையளவு உயரத்தில் வளைகம்பி ஒன்றை நட்டனர். கோல்களை முறியாது வைக்கப் பக்கச் சுவரோரம் நீண்ட குழாய்கள் பொருத்தினர். அடித்தட்டிலே தடித்த அலுமினியத் தகட்டை ஒட்டி, அதன்மேல் வழுக்கும் பிளாஸ்டிக் பலகையையும் பதித்தனர். கல்மேல் ஏறினாலும் படகு சறுக்கிச் செல்லும். உறிஞ்சு வாயிலே பாசியோ பரலோ அடைத்தால் உள்ளிருந்தே வாரி எடுக்க மூடியுடன் ஒரு துளை. இவ்வளவும் படகின் எடையைக் கூட்டுவன. எடை கூடினால் மிதப்பு தாழும். எனவே ஒவ்வொன்றையும் சேர்க்கும்போது வேறொன்றைக் கழிக்க வேண்டியிருந்ததாம். நம் வீட்டுக் கணக்கைப் போலத்தான்!

எல்லாவற்றினும் என்னைக் கவர்ந்தது, அப்படகிலே ஒரு சோடித் துடுப்பும் வைத்தார்கள் என்பது. இயந்திர ஒலியும் அலையும் மீனைக் கலைத்துவிடும். ஆகவே தாரை, ஆளை இடத்துக்குக் கொண்டு சேர்ப்பதற்கு மட்டுமே. அங்கே இயந்திரம் அணைக்கப்படும். பின்னர் நங்கூரம், அல்லது துடுப்பு, அல்லது ஆற்றில் இறங்கி நடப்பது.

இத்தூண்டில் நம் மலைநாட்டுக்குப் புதியதன்று. 1880களில் நுவரெலியாப் பகுதி ஓடைகளில் வெள்ளையர் ட்ரவுட் மீனைக் கொணர்ந்து விட்டனர். அவற்றுள் வானவில் ட்ரவுட் எனும் இனமே ஹோட்டன் சமவெளி ஓடைகளில் நிலைத்தது. என் பாட்டனார் இளமையில் தோட்டத் துரையின் மீன்கூடையையும் கோலையும் சுமந்துகொண்டு, ஓகியாவிலிருந்து குளிரிலே மலையேறியவர். எந்த மடுவில் மீன் நிற்கும் என்று துரைக்குக் காட்டியவரும் அவரே. நியூசிலாந்தில் அத்தொழிலுக்கு ‘வழிகாட்டி’ என்று பெயரும் நல்ல ஊதியமும் உண்டு. பாட்டனாருக்குக் கிடைத்தது கூலியாள் என்ற பெயர்தான்.

அந்த ட்ரவுட்டோ குளிர்நீர் மீன். ஏழாயிரம் அடி உயரத்து அவ்வோடைகள் பலவற்றை ஓர் இளைஞன் தாண்டிவிடலாம். அங்கே படகு எங்கே ஓடுவது? பதுளைக்கு இறங்கினால் நீர் வெதுவெதுப்பாகிவிடும், அம்மீன் வாழாது. மீனுள்ள இடத்திலே படகுக்கு நீர் இல்லை. படகுக்கு நீருள்ள இடத்திலே அம்மீன் இல்லை. பதுளு ஓயாவிலேயே படகு விடலாம் என்பாரும் உளர். அவர்கள் துன்கிந்த நீர்வீழ்ச்சியின் அருகே ஒருமுறை நின்று, கீழே கிடக்கும் பாறைகளைப் பார்த்து வரலாம்.

எனினும் ஊவாவின் வடக்கெல்லையில், மகியங்கனையருகே மகாவலி விரிந்து, மணல் திட்டும் பாறையுமாக ஓடுகிறது. தாரைப் படகு ஓடக்கூடிய ஆறு அது. மகாவலியிலே ட்ரவுட் இல்லாவிடினும், இந்நாட்டுக்கே உரிய மகசீர் இனம் உண்டு. அதன் உறவினமான இந்திய மகசீர்கள் காவேரியிலும் இமயத்து ஆறுகளிலும் தூண்டிற்காரருக்குப் பெருவிருந்து. பொய் ஈயையும் அவை கவ்வும். ஆயினும் அவ்வாறு வெற்றாறு அன்று. கரையிலே பெண்கள் துவைப்பர், சிறுவர் நீந்துவர், வலைஞர் வலை விரிப்பர். ஆழமற்ற நீரிலே தாரை பாய்ந்தால் பரல் கிளறி, அதிலே இட்ட மீன்முட்டைகளும் கெடும். நீந்தும் சிறுவனை வளைவிலே கண்டு விசையைக் குறைத்தால் என்ன நேரும் என்பதை முன்னரே கூறினேன்.

ஆகவே மாணவருக்கு இவ்வாறு எழுதினேன்: மேடையைக் கொண்டு வா, வழுக்கும் அடித்தட்டைக் கொண்டு வா, துடுப்பைக் கொண்டு வா, தாரையை அங்கேயே விட்டுவிடு. ஒருவேளை நான் அஞ்சும் முதியவனாயிருக்கலாம். அவர் மறுமொழியிலே என் அறிவுரையை ஏற்றதாகவும் இல்லை, மறுத்ததாகவும் இல்லை. வறண்ட ஆகஸ்ட் மாதத்திலே மகியங்கனைப் பாலத்துக்குக் கீழே நீரின் ஆழம் எவ்வளவு என்று அளந்து எழுதும்படி கேட்டிருக்கிறார். ஆகஸ்ட் விடுமுறையிலே அடிக்கணக்குக் குறித்த மூங்கிற்கோல் ஒன்றுடன் செல்ல எண்ணியிருக்கிறேன்.