பொகாச்சார் வேகம்: நம்பலாமா, சந்தேகப்படலாமா?

2024 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம். பைரனீஸ் மலைத்தொடரின் பிளாட்டோ டி பெய் ஏற்றத்தில், 1998-ல் இத்தாலியின் மார்கோ பந்தானி வைத்த சாதனையை 3 நிமிடத்துக்கும் மேல் முந்தினார் ஸ்லோவேனிய வீரர் தாதேய் பொகாச்சார். உடனே சந்தேகமும் கிளம்பியது. காரணம், பந்தானியின் 1998 மாதிரியில் ஈபிஓ என்ற ஊக்கமருந்து இருந்தது பின்னாளில் தெரியவந்தது. மருந்து எடுத்தவரையே மிஞ்ச முடியுமா?

ஈபிஓ என்ன செய்யும்?
ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும். தசைகளுக்கு ஆக்சிஜன் கூடுதலாகப் போகும், களைப்பு தள்ளிப்போகும்.

அப்போ வேகம் எப்படி?
சைக்கிள், டயர், பயிற்சி, பந்தயத்தின்போது சாப்பிடும் மாவுச்சத்தின் அளவு என எல்லாமே மாறிவிட்டது. வேகம் மட்டுமே ஆதாரம் ஆகாது.

சோதனையில் சிக்கலைன்னா போதாதா?
போதாது. லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். 2012-ல் அவரது 7 டூர் பட்டங்கள் பறிபோக முக்கியக் காரணம், சக வீரர்களின் சாட்சியம்.

இப்போ என்ன பாதுகாப்பு?
2008 முதல் 'உயிரியல் பாஸ்போர்ட்' இருக்கிறது. வீரரின் ரத்த அளவுகளை அவரது முந்தைய அளவுகளோடு ஒப்பிடுவார்கள். சந்தேகம் வந்தால், சேமித்த மாதிரிகளை 10 ஆண்டுகள் வரை மறுபடி சோதிக்கலாம். ஆனாலும், மிகச் சிறிய டோஸ் தப்பிவிட வாய்ப்புண்டு.

முடிவாக?
பொகாச்சார் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. அவரைக் குற்றவாளி என்பது நியாயமில்லை. அதேநேரம், ஆர்ம்ஸ்ட்ராங்கை நம்பி ஏமாந்த ரசிகர்கள் கேள்வி கேட்பதும் தப்பில்லை.