ஒரு கொலைக் கதை, இரண்டு படங்கள்

துப்பறியும் படத்துக்குத் துப்பு முக்கியமா, ஜோடி முக்கியமா? 'தி பிக் ஸ்லீப்' விஷயத்தில் வார்னர் பிரதர்ஸ் ஜோடியின் பக்கம் நின்றது. ரேமண்ட் சாண்ட்லரின் நாவலை ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய படம் 1945-லேயே தயார். அமெரிக்கப் படைவீரர்களுக்குத் திரையிடவும் செய்தார்கள். ஆனால் ஹம்ப்ரி போகார்ட் - லாரன் பேகால் நெருக்கம் போதவில்லை என்று 1946 ஜனவரியில் புதிய காட்சிகள் எடுக்கப்பட்டன. குதிரைப் பந்தயத்தைச் சாக்கிட்டு இருவரும் சரசமாகப் பேசும் காட்சி அப்படிச் சேர்ந்ததுதான். பலியானது, கொலைகளின் முடிச்சை அவிழ்த்த நீளமான காட்சி.

ஆகஸ்டில் வெளியான படம் ஜெயித்தது. கதைதான் பலருக்குப் பிடிபடவில்லை. காரோட்டியைக் கொன்றது யார் என்று கேட்டதற்கு, தனக்கே தெரியாது என்றார் சாண்ட்லர்.

2000-இல் வந்த டிவிடியில் இரண்டு வடிவங்களும் உண்டு. பழையதில் தெளிவு, புதியதில் கிறக்கம். அன்று ஸ்டூடியோ தந்த தீர்ப்பை இனி ரசிகர் வீட்டிலேயே மறுவிசாரணை செய்யலாம்.