தேக்கடிப் படகும் மதுரைக் குடிநீரும்

மதுரை மாநகரின் குழாய்களில் வரும் தண்ணீரில் கணிசமான பங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுசரிவில், கேரள எல்லைக்குள் அமைந்த ஓர் ஏரியில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்க வாய்க்கால் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகை அணையில் சேர்ந்து, பண்ணைப்பட்டிச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்து வருகிறது. முல்லைப் பெரியாறு அணையால் உருவான அந்த ஏரியைச் சுற்றுலாப் பயணிகள் தேக்கடி ஏரி என்று அறிவார்கள். விடுமுறைக்குக் குமுளி சென்று, படகேறி, கரையில் மேயும் யானைகளைக் காணும் மதுரைக் குடும்பம் தன் வீட்டுக் குடிநீரின் மேல்தான் மிதக்கிறது என்றாலும், அதை நினைவூட்டும் முறையான ஏற்பாடு எதுவும் அந்தப் பயணத்தின் பகுதியாக இல்லை. குடிநீர் தேங்கும் பொது நிலத்தில் மக்கள் உலாவ யார் அனுமதி தருகிறார்கள், எதைக் காப்பதற்காகத் தருகிறார்கள் என்ற கேள்வி மதுரைக்கு இவ்வாறு நெருக்கமானதாகிறது.

இந்த ஏரியின் உரிமை வரலாறு சற்றுச் சிக்கலானது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாண நிர்வாகத்துக்கும் இடையே எழுதப்பட்ட 999 ஆண்டுக் குத்தகையின்படி, நீர் தேங்கும் சுமார் 8,000 ஏக்கர் நிலம் ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய் வாடகையில் சென்னை மாகாணத்தின் பயன்பாட்டுக்கு வந்தது. பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்டபோது அந்த நீரில் மீன் பிடிக்கும் உரிமையும் குத்தகைதாரரிடமே இருந்தது. 1970-இல் எழுதப்பட்ட துணை ஒப்பந்தத்தில் தமிழ்நாடு மின்சாரம் எடுக்கும் உரிமையைப் பெற்று, வாடகையை முப்பது ரூபாயாக உயர்த்த இசைந்து, மீன்பிடி உரிமையைக் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தது. பாசனமும் மின்சாரமுமே பேசப்பட்ட அக்காலத்தில் அது சிறிய விட்டுக்கொடுத்தலாகத் தோன்றியிருக்கலாம்.

மறுபுறம், அணை எழுப்பிய ஏரியைச் சுற்றியிருந்த காட்டைத் திருவிதாங்கூர் அரசு 1934-இல் வேட்டைத் தடைக் காடாக அறிவித்தது. அது 1950-இல் பெரியாறு வனவிலங்குச் சரணாலயமாகவும் 1978-இல் புலிகள் காப்பகமாகவும் வளர்ந்தது. ஆகவே இன்று அங்கே நுழைவதற்கான அனுமதி, அதாவது எந்த வழியில், எந்த நேரத்தில், யாருடைய துணையோடு செல்லலாம் என்று வரையறுக்கும் சீட்டு, வனவிலங்குச் சட்டத்தின் அடிப்படையில் வனத்துறையால் தரப்படுகிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, விலங்கு ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, அங்கு வாழ்வோருடனான சட்டப்படியான அலுவல் ஆகியவற்றுக்காகச் சரணாலயத்தில் நுழைய அனுமதி வழங்கலாம் என்கிறது. விலங்கை முன்வைத்து எழுந்த இந்த ஒழுங்கு தண்ணீரையும் காக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் காவல் பக்கவிளைவாகக் கிடைப்பதே தவிர நோக்கமாக எழுதப்பட்டது அன்று.

தேக்கடியில் அந்த ஒழுங்கு தந்த நன்மைகளைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. 1990-களின் பிற்பகுதியில், காட்டில் திருட்டுத்தனமாக வயண மரத்தின் பட்டையை உரித்து விற்றுவந்தவர்கள் ஒரு குழுவாக வனத்துறையுடன் சேர்ந்து, பயணிகளை மூங்கில் தெப்பத்திலும் நடைபயணத்திலும் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளாகவும் காட்டுக் காவலர்களாகவும் மாறினார்கள். வழக்குக்கு அஞ்சி ஒளிந்தவர்களின் காட்டறிவு அனுமதிச் சீட்டின் பயனால் கௌரவமான பிழைப்பாயிற்று. இந்தியக் காடுகளில் நடந்த நல்ல மாற்றங்களுள் இதையும் எண்ணத் தகும். அதே ஏரியில்தான் 2009 செப்டம்பர் 30 அன்று ‘ஜலகன்யகா’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். சீட்டு இருப்பது மட்டும் போதாது, அதில் எழுதிய எண்ணிக்கையை ஒவ்வொரு படகுத்துறையிலும் கடைப்பிடிக்க ஆள் வேண்டும் என்பதை அந்த விபத்து கொடூரமாகக் காட்டியது.

தமிழ்நாட்டுப் பக்கத்திலும் வைகையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில், அதாவது பெய்த மழை வடிந்து ஆற்றில் சேரும் மலைப்பரப்பில், அனுமதி முறை ஒரு துயரத்தின் பின்பே இறுகியது. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலுள்ள குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு வகுத்தது. 2024-இல் மாநிலமெங்கும் 40 வழித்தடங்களுக்கு இணையவழி முன்பதிவையும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளையும் ஏற்படுத்தியது. 2021-இல் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் வைகையின் முதன்மை நீர்ப்பிடிப்பைக் காக்கும் என்று அப்போது வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. கொடைக்கானல் மலையில் பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் பேரிஜம் ஏரிக்கு வனத்துறை நாள்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளுக்கே அனுமதி தருகிறது. யானைக்கூட்டம் நடமாடினால் அதையும் நிறுத்திவிடுகிறது. பேரிஜத்தின் தெளிவுக்கு இந்தக் கட்டுப்பாடு ஒரு முக்கியக் காரணம்.

இவற்றோடு ஒப்பிட, அமெரிக்காவின் நியூயார்க் நகரத்து முறை பயனுள்ளது. அந்நகரம் தன் குடிநீரில் பெரும்பகுதியை வடக்கேயுள்ள மலைப்பகுதி நீர்த்தேக்கங்களிலிருந்து வடிகட்டாமலேயே பெறுகிறது. அந்த நிலங்களில் மீன்பிடிக்கவும் நடக்கவும் துடுப்புப் படகு செலுத்தவும் விரும்புவோர்க்கு நகரத்தின் நீர் வழங்கல் துறையே கட்டணமின்றி அனுமதிச் சீட்டு தருகிறது. பிற நீர்நிலைகளிலிருந்து அந்நிய உயிரினங்கள் ஒட்டிக்கொண்டு வராதிருக்க, படகை நீராவியால் கழுவிச் சான்று பெற்றபின்பே நீரில் இறக்க வேண்டும். அனுமதி தருபவரும் அந்நீரை வீடுகளுக்கு அனுப்புபவரும் ஒருவராக இருப்பதால், சீட்டின் ஒவ்வொரு நிபந்தனையும் நீரை மனத்தில் கொண்டே எழுதப்படுகிறது.

மதுரையின் நிலை இதற்கு நேர்மாறானது. தேக்கடியில் கேரள வனத்துறையும் சுற்றுலாக் கழகமும், மேகமலையிலும் குரங்கணியிலும் தமிழ்நாட்டு வனத்துறையும், வைகை அணைப் பூங்காவில் நீர்வளத் துறையும், அணையின் மீன்பிடியில் மீன்வளத் துறையும் முடிவெடுக்கின்றன. இந்த நீரை மக்களுக்குக் குடிக்கக் கொடுக்கும் மாநகராட்சிக்கு இவற்றில் எதிலும் குரல் இல்லை. மலையில் சோதனைச் சாவடிகளால் காக்கப்படும் நீர் சமவெளிக்கு இறங்க இறங்கக் காவலை இழக்கிறது. காட்டெல்லை முடியும் இடத்தில் அனுமதி ஒழுங்கும் முடிந்துவிடுகிறது. வைகை நகருக்குள் நுழையும்போது அதில் எதைக் கொட்டவும் எவருக்கும் தடையிருப்பதாகத் தெரிவதில்லை.

துறைகள் தனித்தனியே முடிவெடுக்கும் இந்த நிலைக்குச் சித்திரைப் பௌர்ணமி ஒரு விதிவிலக்கு. ஆண்டுக்கு அந்த ஒருநாள் மட்டும், பெரியாறு காப்பகத்துக்குள் மலையுச்சியில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோவிலுக்குப் பொதுமக்கள் செல்ல வழி திறக்கிறது. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் முன்கூட்டியே ஒன்றாக அமர்ந்து ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் வண்டிகளின் அனுமதியையும் பேசி முடிக்கின்றன. நெகிழிப் பொருள்கள் தடுக்கப்படுகின்றன. அதே நாளையொட்டி மதுரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவதற்காக வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்படுகிறது. வழிபாட்டுக்காக நீரையும் காட்டையும் அளந்து திறக்கும் பழக்கமும், இரு மாநிலங்கள் ஒரே மேசையில் அமரும் பழக்கமும் இங்கே ஏற்கெனவே உண்டு.

இப்போது மலையடிவாரத்திலுள்ள லோயர் கேம்ப் அருகிலிருந்தே குழாய் வழியாக நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் நீரை மதுரைக்குக் கொண்டுவரும் திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஆற்றிலும் அணையிலும் பலநாள் கிடந்து தெளிந்த இடைவெளியை இந்த ஏற்பாடு பெரிதும் குறைத்துவிடும் என்பதால், ஏரியிலும் குமுளியிலும் நடப்பவை முன்னைவிட விரைவாக நகரின் குடங்களை வந்தடையும். கண்ணகி கோவில் விழாவுக்காக இரு மாவட்ட நிர்வாகங்கள் நடத்தும் அந்தக் கூட்டத்தை, படகுகளின் எண்ணிக்கை, எரிபொருள், குப்பை, நீரின் தரப் பரிசோதனை ஆகியவற்றைப் பேசும் நிலையான குழுவாக விரித்து, மதுரை மாநகராட்சிக்கும் அதில் ஓர் இருக்கை தர வேண்டும். தேக்கடியில் விற்கும் ஒவ்வொரு சீட்டிலும், இது ஐந்து மாவட்ட மக்கள் பயன்படுத்தும் நீர் என்று தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட வேண்டும்.